வையாத காது

கடந்த இருபது ஆண்டுகளில் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் வந்து இறங்கிய கருவிகள் எல்லாமே வாய் உள்ளவை. கேசட் போடும் ரேடியோ வந்தது. தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. 2018-ல் புதிய பாடப்புத்தகங்களின் பக்கங்களில் க்யூ.ஆர். கோடு வந்தது, போனைக் காட்டினால் ஒரு வீடியோ பேசும். 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இப்போது ஸ்மார்ட் போர்டு. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசு கணக்குச் சொல்கிறது. எல்லாம் பேசுகின்றன, பாடுகின்றன, ஆடிக் காட்டுகின்றன. பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளையும் அவர்களோடு சேர்ந்து வாய் பிளந்து பார்க்கிறது. மணி அடித்த பிறகும் அது எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறது.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியது, தான் வாசிப்பதை உட்கார்ந்து கேட்க ஒரு ஆள். பள்ளிக்கூடத்தில் மிக அரிதான பொருள் அதுதான். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 நிமிடப் பாடவேளை, 30 பிள்ளைகள். ஆசிரியர் வேறு எதையும் செய்யாமல் ஒவ்வொருவரையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கு 80 நொடி. நிமிடத்துக்கு 20 சொல் வாசிக்கிற பிள்ளை அதற்குள் 27 சொல்லைத் தாண்டாது. ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளும் ஈராசிரியர் பள்ளியில் அந்த 80 நொடியும் கிடையாது. அந்த இரண்டு பேரிலும் ஒருவர் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார், அல்லது பயிற்சிக்குப் போயிருப்பார். ஆகவே வழக்கமாக நடப்பது இது: நன்றாக வாசிக்கிற ஒரு பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்வார்கள், மற்றவர்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். கோரஸுக்குள் ஒளிந்துகொள்வது சுலபம். திணறுகிற பிள்ளை அரை நொடி பிந்தி வாயசைக்கும். நாலு நாளில் பாடம் மனப்பாடம் ஆகிவிடும். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று ஒப்பிக்கும். விரல் எந்தச் சொல்லின் மேல் இருக்கிறது என்று குனிந்து பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். மூன்றாம் வகுப்புவரை இப்படியே வந்துவிட்ட பிள்ளைகள் உண்டு. ஆறாம் வகுப்புவரையும் உண்டு. இல்லாவிட்டால் 2025-26 கல்வியாண்டில் ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு அடிப்படைத் தமிழையும் கணக்கையும் திரும்பச் சொல்லிக்கொடுக்கத் ‘திறன்’ என்றொரு திட்டத்தை அரசு தொடங்க வேண்டியிருந்திருக்காது.

பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் அறிக்கையின் எண்களைப் பற்றி நிறைய வாக்குவாதம் உண்டு. இருந்தாலும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். 2022-ல் தமிழ்நாட்டுக் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 4.8 சதவீதம் என்றது அது. எல்லாரும் கொரோனாவைக் காட்டினார்கள். 2018-லேயே அது 10.2 சதவீதம்தான். தொற்று வருவதற்கு முன்பே பத்தில் ஒரு பிள்ளை என்றால், பள்ளி திறந்திருந்த காலத்திலும் யாரோ கேட்காமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனிச் சொல்லப்போவது திண்டுக்கல் மாவட்டத்துக் கதை. திண்டுக்கல்லைப் பற்றி எழுதினால் பூட்டும் பிரியாணியும் வந்தே தீரவேண்டும் என்று ஒரு எழுதாத சட்டம் இருக்கிறது. சொல்லியாகிவிட்டது, மேலே போகலாம். வாசிப்பு விஷயத்தில் இந்தச் சமவெளிக்கு வேறு முகம் உண்டு. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன் பூப்பறித்துவிட்டு வரும் பிள்ளை முதல் பாடவேளையில் தூங்கி வழியும். வேடசந்தூர்ப் பக்கம் மில் ஷிப்டு. அம்மாவை ஏற்றிப்போக வண்டி வரும் நேரமும் பிள்ளை வீட்டுக்கு வரும் நேரமும் ஒன்று. சின்னாளபட்டியில் நெசவு வீடுகளில் கன்னடம், நகரில் நாகல்நகர்ப் பக்கம் சௌராஷ்டிரம், வடக்கே போகப்போக ஊர்களில் தெலுங்கு, மில் குடியிருப்புகளில் ஒடியாவும் இந்தியும். தமிழ்நாட்டின் நடுவில் இருக்கும் மாவட்டம்தான். ஆனாலும் தமிழ் வீட்டுமொழியாக இல்லாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 76.26 சதவீதம், மாநிலச் சராசரிக்கு நாலு புள்ளி கீழே. ‘எழுத்து’ என்ற பெயரிலேயே 1959-ல் பத்திரிகை தொடங்கிய சி.சு. செல்லப்பா வளர்ந்த வத்தலக்குண்டும் இந்த மாவட்டம்தான். ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயருக்கும் அதுவே ஊர்.

2021 அக்டோபர் 27 அன்று மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் தொடங்கியது. முதலில் எடுத்துக்கொண்ட பன்னிரண்டு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 19 மாத கொரோனா அடைப்புக்குப் பிறகு நவம்பர் 1-ல்தான் திறந்தன. மாலை 5 முதல் 7 வரை, வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ, இருபது பிள்ளைகள், ஒரு தன்னார்வலர். பெரும்பாலும் அந்தத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டு வந்த, படித்த, வேலைக்குப் போகாத பெண்கள். மாதம் 1,000 ரூபாய். அவர்கள் கையில் இருந்த தொழில்நுட்பம் அவர்களுடைய சொந்த போன்தான். அந்த போனுக்குள்தான் காது உள்ள கருவி வந்தது.

கூகுள் 2019 மார்ச்சில் ‘போலோ’ என்று இந்தியாவில் வெளியிட்டு, மறுஆண்டு ‘ரீட் அலாங்’ என்று பெயர் மாற்றிய செயலி அது. திரையில் ஒரு குட்டிக் கதை. பிள்ளை உரக்க வாசிக்க வேண்டும். செயலி கேட்டுக்கொண்டே வரும். சரியாக வாசித்த சொல் நிறம் மாறும். தடுக்கினால் காத்திருக்கும். சொல்லைத் தொட்டால் உச்சரித்துக் காட்டும். ‘தியா’ என்ற ஒரு பொம்மைப் பெண் ஓரத்தில் நின்று தட்டிக்கொடுப்பாள், நட்சத்திரம் தருவாள். கதைகளை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். டவர் இல்லாத ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இது அப்படி ஒன்றும் புதிய எண்ணமல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மோஸ்டோ என்பவரின் குழு 1990களிலேயே பிள்ளைகள் வாசிப்பதைக் கணினியைக் கேட்க வைத்தது. பிள்ளைகள் காதில் ஹெட்போனும் வாயருகே மைக்கும் மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். அதற்கும் முன்னால் 1979-ல் ஜே சாமுவேல்ஸ் ஒரு கட்டுரையில் சொன்னது ஆசிரியர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான்: சின்னப் பத்தி ஒன்றைத் திக்கல் போகும்வரை திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தால், அடுத்த பத்தியும் சுலபமாகும். சிக்கல் என்னவென்றால், ஒரே பத்தியை நாலாவது தடவை பொறுமையாகக் கேட்க எந்த மனிதரால் முடியும்? பெற்ற தாயே இரண்டாவது தடவையில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

வேடசந்தூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் ஆசிரியையை எனக்குப் பல வருடங்களாகத் தெரியும். பெயரைப் போட்டால் மேலிடத்திலிருந்து பாராட்டு வரும் அல்லது விளக்கம் கேட்பார்கள், இரண்டும் வேண்டாம் என்பார். அவர் செய்ததெல்லாம் இவ்வளவுதான்: தன்னுடைய பழைய போனில் செயலியைப் போட்டு, வராந்தாவின் கோடியில் ஒரு பாயை விரித்து, ‘அரும்பு’ நிலையில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொருவராக அங்கே அனுப்பினார். 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்களே, அதில் முதல் படி. பெயர் என்னவோ அழகுதான். எந்தப் பிள்ளை அரும்பு என்பது வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் போட்ட விதிகள் மூன்று. ஒருத்தர் வாசிக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. எத்தனை நட்சத்திரம் என்று சத்தமாகச் சொல்லக் கூடாது. வாசித்து முடித்ததும், எந்தச் சொல் சறுக்கியதோ அதை ஒரு நோட்டில் எழுதிவிட்டு வரவேண்டும். மூன்றாவது விதியைத்தான் பிள்ளைகள் பிகு பண்ணினார்கள். முதல் இரண்டும் உடனே பிடித்துப்போயின.

வகுப்பில் வாயே திறக்காத ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் வராந்தாவில் உரக்க வாசிப்பதைக் கேட்டு, “ஏய்யா, எங்கிட்ட மட்டும் ஏன் படிக்க மாட்டேங்குற?” என்று கேட்டிருக்கிறார். பையன் யோசிக்காமல் சொன்னானாம்: “அது வையாதுல்ல டீச்சர்.”

இதை என்னிடம் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் ரோஷமும் வந்தது. “நான் அவனை ஒருநாளும் வஞ்சதில்ல சார். ஆனா மூஞ்சின்னு ஒண்ணு இருக்குல்ல? அவன் தடுக்குனா எம் மூஞ்சி சுருங்கும்போல. படிக்கிறப்ப புத்தகத்தப் பாக்கவே மாட்டான். எம் மூஞ்சியத்தான் பாப்பான். அடுத்த எழுத்து அங்குட்டு எழுதியிருக்கான்னு.”

வாசிப்பில் திணறும் பிள்ளைகளைப் பற்றி நான் படித்ததிலும் கேட்டதிலும் இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை. அவர்கள் மிக நன்றாக வாசிக்கிறார்கள், முகத்தை. பக்கத்தில் இருப்பவரின் புருவத்தையும் உதட்டையும் பார்த்தே அடுத்த சொல்லை ஊகிக்கப் பழகிவிடுகிறார்கள். ஊகம் பலித்தால் வாசித்ததாகப் பெயர். முகம் இல்லாத இடத்தில், அல்லது தியாவைப் போலச் சலித்துக்கொள்ளாத முகம் உள்ள இடத்தில், கண் வேறு வழியில்லாமல் எழுத்துக்குத் திரும்புகிறது.

எழுத்து என்று வரும்போது தமிழ் பிள்ளைகளிடம் ஒரு விசித்திரமான வேலையை வாங்குகிறது. ‘247 எழுத்து’ என்று பயமுறுத்துவார்கள். அது ஒன்றும் பெரிய தடையில்லை, பாதிக்கு மேல் ஒரு ஒழுங்குக்குள் வந்துவிடும். தடை எங்கே என்றால், ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கண் முதலில் பார்த்ததை வாய் கடைசியில் சொல்ல வேண்டும். ‘கோ’ என்றால் கொம்பும் காலும் இரு பக்கமும் நின்று நடுவில் மெய். ‘கௌ’ வந்தால் பிள்ளை ‘கெள’ என்று வாசிக்கும்; அதன் மேல் என்ன தப்பு? உகர வரிசையில் கு, சு, டு, து, மு எல்லாம் ஆளுக்கொரு வால். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணா, லை போன்றவற்றின் பழைய சுழிகளை நேராக்கியது, உகரத்தைத் தொடவில்லை. இதையெல்லாம் தாண்டினால் சொல்லின் நீளம் காத்திருக்கிறது. ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ என்று முடிப்பதற்குள், எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைக்குத் தொடக்கத்தில் இருந்தது ‘போ’வா ‘வா’வா என்பது மறந்துவிடும். ஆங்கிலம் படிக்கிற பிள்ளைக்கு இது மூன்று சொல். நம் பிள்ளைக்கு ஒரே மூச்சு.

ஆசிரியையின் நோட்டில் சறுக்கிய சொற்கள் இரண்டு மாதத்தில் பக்கம் பக்கமாகச் சேர்ந்தன. வரிசைப்படுத்திப் பார்த்தபோது இரண்டு கூட்டம் தெரிந்தது. ஒன்று, கொம்பு வரும் எழுத்துகள். இன்னொன்றுதான் அவரைக் குழப்பியது. ‘வந்தது’, ‘படித்தான்’, ‘இருக்கிறது’ போன்ற சாதாரணச் சொற்களில் நன்றாக வாசிக்கிற ஒரு பெண் திரும்பத் திரும்பத் தோற்றிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோது புரிந்தது. அவள் ‘வந்துச்சு’ என்றும் ‘படிச்சான்’ என்றும் வாசித்துக்கொண்டிருந்தாள். செயலி தப்பு என்றது. உண்மையில் அந்தப் பெண் எழுத்தைத் தாண்டிப் பொருளுக்குள் போய்விட்டாள். கதையைத் தன் வீட்டுத் தமிழில் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்படிப்பட்ட தவறுகளைத்தான் கென்னத் குட்மன் 1960களில் எடுத்துக்கொண்டு, வாசகரின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் சன்னல்கள் இவை என்றார். கருவிக்குச் சன்னல் தெரியாது. அது எழுத்தைச் சரிபார்க்கிறது. பொருள் புரிந்து தப்பாக வாசிக்கும் பிள்ளையையும், பொருள் புரியாமல் சரியாக வாசிக்கும் பிள்ளையையும் பிரித்தறிய அதனால் முடியாது. இரண்டாவது பிள்ளைக்கு நட்சத்திரம் அதிகம் கிடைக்கும்.

இன்னொரு பையன் போனை மூக்கில் ஒட்டாத குறையாகப் பிடித்து வாசித்ததைச் செயலி பார்க்கவில்லை, ஆசிரியை பார்த்தார். பள்ளிக் கண் பரிசோதனையில் கண்ணாடி எழுதிக்கொடுத்தார்கள். இரண்டு வருடமாக ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருந்த பையன். கற்றலில் குறைபாடு உள்ள பிள்ளைகளை 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சென்னையில் டிஸ்லெக்சியா சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. ஆனால் வேடசந்தூரில் ஒரு பிள்ளை தடுக்கித் தடுக்கி வாசித்தால் அது பசியா, பார்வையா, வீட்டுமொழியா, டிஸ்லெக்சியாவா என்று பிரித்துச் சொல்ல இன்றைக்கும் அங்கே இருக்கும் ஒரே கருவி அந்த ஆசிரியைதான்.

2022 ஜூன் 1 முதல் 12 வரை இல்லம் தேடிக் கல்வி மையங்களில் இந்தச் செயலியை வைத்து ஒரு வாசிப்பு மாரத்தான் நடந்தது. சுமார் 18 லட்சம் பிள்ளைகள், 263 கோடி சொற்கள் என்று அறிவித்தார்கள். திருச்சி மாவட்டத்து லால்குடி ஒன்றியம் முதலிடம். எண்ணைக் கேட்டதும் மலைப்பாக இருந்தது. பிறகு வகுத்துப் பார்த்தேன். ஒரு பிள்ளைக்கு, ஒரு நாளைக்கு, சுமார் 120 சொல். ஒரு சின்னக் கதையின் ஒரு பக்கம். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. வகுப்பறையில் 80 நொடிக்குள் அடங்கும் 27 சொல்லோடு ஒப்பிட்டால் இது நாலு மடங்குக்கு மேல். 263 கோடியைவிட இந்த 120 எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் இது அன்றாடம் நடக்கக் கூடியது. ஆனால் மாரத்தான் என்று பெயர் வைத்ததும் போட்டி வந்துவிட்டது, ஒன்றியத்துக்கு ஒன்றியம் தரவரிசை வந்துவிட்டது. சொல் எண்ணிக்கைதான் மதிப்பெண் என்றால் யாரிடம் போனைக் கொடுப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். கடகடவென்று வாசிக்கிற பிள்ளையிடம். வாசிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் வாசிப்பு, தெரியாதவருக்கு இன்னும் மௌனம். கீத் ஸ்டானோவிச் 1986-ல் இதை ‘மத்தேயு விளைவு’ என்று அழைத்தார். திணறுகிறவருக்கென்று வந்த கருவியும் அந்தப் பக்கமாகவே சாயக் கூடும். நட்சத்திரத்தைச் சத்தமாகச் சொல்லக் கூடாது என்று அந்த ஆசிரியை விதி போட்டது இதை முன்கூட்டியே அறிந்துதான் என்று நினைக்கிறேன்.

காதைப் பெருக்கும் வித்தை நமக்குப் பழையது. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1789-ல் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். பக்கத்தில் ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துப் பாடம் கேட்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். நம் சட்டாம்பிள்ளைதான் அது. 1797-ல் லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலிலிருந்து ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றொரு பள்ளிக்கூடம் உண்டு. சட்டாம்பிள்ளையின் பிரம்பை நான் புகழவரவில்லை. அவன் நிச்சயம் வைதிருப்பான், அடித்தும் இருப்பான். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு நாளும் தன் பாடத்தை யாராவது ஒருவரிடம் வாய்விட்டு ஒப்பிக்காமல் வீட்டுக்குப் போகவில்லை.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-ல் மாநிலமெங்கும் வந்த செயல்வழிக் கற்றலும் ஒருவகையில் அதைத்தான் செய்ய நினைத்தது. பிள்ளைகள் அட்டையை எடுத்துத் தானாக வேலை செய்வார்கள், ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்பார். ‘டீச்சருக்கு நாற்காலி கூட இல்லையா’ என்று அப்போது கிண்டல் செய்தவர்கள் அதிகம். பல பள்ளிகளில் அது அட்டை அடுக்கும் சடங்காகவும் போனது உண்மை. ஆனாலும் கீழே உட்கார்ந்தால்தான் வாசிக்கிற பிள்ளையின் விரல் தெரியும்.

வேடசந்தூர் ஆசிரியையும் இப்போது கீழே உட்கார்ந்துதான் கேட்கிறார். செயலி முன்னால் தேறிய பிள்ளை அடுத்து அவரிடம் வந்து, கல்வித் துறையின் ‘வாசிப்பு இயக்க’த்தின் சின்னப் புத்தகம் ஒன்றை வாசிக்க வேண்டும். நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியில் வந்த புத்தகங்கள். பேசுகிற தமிழுக்குப் பக்கத்தில் இருப்பதால் ‘வந்துச்சு’ பெண் அதில் தோற்பதில்லை. அந்தப் பெண்ணுக்குச் செயலியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டார். அந்த மூன்றாம் வகுப்புப் பையன் மட்டும் இன்னும் வராந்தாவில்தான். “இருக்கட்டும் சார், வரட்டும்” என்கிறார்.

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அதை ‘டேப்’ என்பார்கள். காலையில் வருகைப் பதிவு, பிறகு மதிப்பீட்டு விவரம், சுற்றறிக்கை. ஒவ்வொன்றிலும் மைக் இருக்கிறது. புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வருகைப் பதிவு முடிந்த பிறகு ஒரு அரைமணி நேரம் அதை ஆசிரியரின் மேசையிலிருந்து எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தால் போதும். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் நாளைக்கு மூன்று பிள்ளை, வாரத்துக்குப் பதினைந்து. ஒரு சராசரி ஒன்றியப் பள்ளியின் அரும்புகள் அத்தனை பேரும் அதற்குள் அடங்குவார்கள். இதை அந்த ஆசிரியையிடம் சொன்னேன். “கீழ போட்டு ஒடச்சா யாரு சார் பதில் சொல்றது?” என்று கேட்டார். அரசாங்கச் சாமான்; உடைந்தால் விளக்கம் எழுத வேண்டியது அவர்தான். அவர் இப்போதும் சொந்த போனைத்தான் கொடுக்கிறார்.